பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: 1974 காப்புரிமையில் இருப்பது என்ன, மேக்ஸ் 30102 போர்டில் அது எங்கே கெடுகிறது?

அலை660:
நிஹான் கோடன் நிறுவனத்தின் டாகுவோ அவோயாகிதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கண்டுபிடித்தவர் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை வைத்து ரத்த ஆக்ஸிஜனை அளப்பது அவருக்கு முன்பே இருந்ததுதானே? அப்படியென்றால் எதற்குக் காப்புரிமை கிடைத்தது?

அடுத்தது செய்முறைக் கேள்வி. சந்தையில் கிடைக்கும் மேக்ஸ் 30102 போர்டில் (சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளும் ஒளியுணர்வியும் ஒரே சிப்பில் இருப்பது) "110 − 25 × ஆர்" சூத்திரத்தைப் போட்டால், விரல் அசையாதவரை ஆக்ஸிஜன் 97, 98 சதவீதம். ஆர் என்பது சிவப்பின் துடிப்புச் சதவீதத்தை அகச்சிவப்பின் துடிப்புச் சதவீதத்தால் வகுத்தது. கொஞ்சம் அசைந்தால் நேராக 85. ஏன் 80 இல்லை, 90 இல்லை, சொல்லிவைத்தாற்போல் 85? சென்சார் போலியா, கோட் தவறா?

நிறமாலை:
முதல் கேள்விக்கு மட்டும் நான்.

நீங்கள் சொல்வது சரி. 1940-களிலேயே மில்லிகனின் காது ஆக்ஸிமீட்டர் இருந்தது. சிக்கல் என்னவென்றால், காதுமடலுக்குள் போகும் ஒளியைத் தோல், தசை, சிரை ரத்தம், தமனி ரத்தம் எல்லாமே உறிஞ்சும். நமக்குத் தமனி மட்டும் வேண்டும். எர்ல் வுட் அதற்குக் காதை அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி, அந்த நிலையைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டார். பிறகு ஹியூலெட் பேக்கார்ட் கருவி 8 அலைநீளங்களில் அளந்து, காதைச் சூடாக்கி ரத்த ஓட்டத்தைக் கூட்டியது. நன்றாகவே அளந்தது. ஆனால் பெரிய கருவி, விலையும் அதிகம்; ஆய்வகத்தைத் தாண்டி அறுவை அரங்குக்குள் பரவலாக வரவில்லை.

அவோயாகி தேடியது ஆக்ஸிஜனையே அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதை இண்டோசயனின் பச்சைச் சாயம் ஏற்றி, காதில் ஒளிவழியாக அளக்கும் வேலை அது. சாயத்தின் வளைகோட்டின் மேல் நாடித்துடிப்பு அலையலையாக ஏறி உட்கார்ந்து கணக்கைக் கெடுத்தது. சாயம் உறிஞ்சாத 900 நானோமீட்டரில் இன்னொரு அளவை எடுத்து, இரண்டின் மடக்கைகளையும் சரியான விகிதத்தில் கழித்துத் துடிப்பை ரத்து செய்தார். ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாறியபோது அந்த ரத்து கலைந்துபோனது. துடிப்பை ஒழிக்கத் தேவைப்படும் விகிதமே ஆக்ஸிஜனைச் சொல்கிறது என்பது அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

ஆகவே காப்புரிமையின் கரு விளக்கும் இல்லை, உணர்வியும் இல்லை. ஒளியில் துடிக்கும் பகுதி தமனி ரத்தத்திலிருந்து மட்டும் வருகிறது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு அலைநீளங்களில் அந்தத் துடிப்புகளின் விகிதத்தைப் பார்ப்பது. காதைப் பிழிய வேண்டாம், பூஜ்ஜியம் வைக்க வேண்டாம், மடலின் தடிமன் தெரிய வேண்டாம்.

அவர் எடுத்த அலைநீளங்கள் 630, 900. முதல் கருவியான ஓ.எல்.வி. 5100 (1975) காதில் மாட்டுவது, எல்.இ.டி. கிடையாது, விளக்கும் வடிகட்டிகளும்தான். சுமாராகத்தான் விற்றது.

ஈயப்பற்று:
மினோல்டாவை மறந்துவிடக் கூடாது. நிஹான் கோடன் விண்ணப்பித்தது 1974 மார்ச் 29. மினோல்டாவின் கொனிஷியும் யமனிஷியும் அதே கருத்துக்கு விண்ணப்பித்தது ஏப்ரல் 24. நான்கு வாரம் கூட இல்லை. அமெரிக்கக் காப்புரிமை 1976 டிசம்பரில் மினோல்டா பெயரில்தான் வந்தது: எண் 39,98,550. விரல்நுனியில் மாட்டும் வடிவத்தை 1977-இல் முதலில் விற்றதும் அவர்கள்தான், ஆக்ஸிமெட் 1471. அந்த எண்ணைக் காப்புரிமைத் தேடுதளத்தில் போட்டுப் படங்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் ஜப்பானிய ஆவணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நிறமாலை:
மறுக்கவில்லை. நிஹான் கோடன் ஜப்பானுக்கு வெளியே விண்ணப்பிக்காமல் விட்டது பெரிய கோட்டை. ஆனாலும் முன்னுரிமை மார்ச் 29-க்குத்தான். ஏப்ரல் 26-ஆம் தேதியே ஒசாகா மாநாட்டில் அவோயாகி கட்டுரையும் வாசித்துவிட்டார். அதற்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால் சொந்தக் கட்டுரையே எதிரியாகியிருக்கலாம். காப்புரிமை எண்ணம் உள்ள மாணவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இது: முதலில் விண்ணப்பம், பிறகு மேடை.

ஜப்பானிய ஆவணங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய எண்கள் ஷோவா ஆண்டில் இருக்கும். அதனோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. ஷோவா 49 என்றால் 1974. ஜே-பிளாட்பாட் தளத்தில் ஷோவா எண்ணையும் மேற்கத்திய ஆண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்றும் கிடைக்காது. இந்த அடிப்படைக் காப்புரிமைகள் எல்லாம் எப்போதோ காலாவதி. அசைவைச் சமாளிக்கும் கணக்குமுறைகளில் பிற்காலத்தில் எடுக்கப்பட்டவைதான் இன்று விற்பனைக்குச் செய்பவர்கள் பார்த்து நடக்க வேண்டியவை.

கம்பிச்சுருள்:
வரலாறு இருக்கட்டும், போர்டுக்கு வருவோம். பாதிப் பேருக்கு 85 வருவதற்கு முன்னாடியே வேறு ஒன்று உடைந்திருக்கும். வரிசையாகப் பாருங்க. கீழே எல்லா எண்ணும் தசமத்தில், ஹெக்ஸ் இல்லை.

ஐ2சி (சிப்போடு இரண்டு கம்பியில் பேசும் முறை) முகவரி 87. ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண் வைக்கும் இடம்) 255-ஐப் படித்தால் 21 வரணும். வரலைன்னா மேற்கொண்டு கோட் எழுதி லாபமில்லை.

முகவரியே கிடைக்கலையா? சிப்புக்கு உள்ளே 1.8 வோல்ட் மின்சாரம். மலிவான போர்டுகள் பலவற்றில் எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். என்ற அந்த ஐ2சி கம்பிகளை மேலே இழுக்கும் மின்தடைகளையும் அந்த 1.8 வோல்ட்டிலேயே கட்டி வைத்திருக்காங்க. 3.3 வோல்ட்டில் ஓடும் இ.எஸ்.பி. 32 மைக்ரோகன்ட்ரோலர் "1" என்று ஒத்துக்கொள்ள ஏறத்தாழ 2.5 வோல்ட் வேணும். அதனால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கேபிளைத் தொட்டால் மாறும். அந்த மூன்று மின்தடைகளையும் (இன்டரப்ட் கம்பிக்கும் ஒன்று உண்டு) எடுத்துட்டு, வெளியே 4.7 கிலோஓம் வைத்து 3.3 வோல்ட்டுக்கு இழுங்க. சிப்பின் ஐ2சி கால்கள் அதைத் தாங்கும். எல்.இ.டி. மின்சாரம் தனி, அது 3.1-லிருந்து 5 வோல்ட் வரை.

தொடக்க எழுத்துகள்:
ரெஜிஸ்டர் 9-இல் 64 (ரீசெட்), கொஞ்சம் பொறுத்து, 4, 5, 6 மூன்றிலும் 0.
ரெஜிஸ்டர் 8-இல் 15. சராசரி எடுக்காதே என்று பொருள்.
ரெஜிஸ்டர் 10-இல் 39. 4096 நானோஆம்பியர் வரம்பு, விநாடிக்கு 100 சாம்பிள், 411 மைக்ரோவிநாடி, 18 பிட்.
12, 13 இரண்டிலும் 36. ஒரு படி 0.2 மில்லிஆம்பியர், ஆக 7.2.
கடைசியாக 9-இல் 3. இரண்டு விளக்கும் எரியும்.

இணையத்தில் சுற்றும் கோடுகளில் ரெஜிஸ்டர் 8-இல் 79 இருக்கும். அது 4 சாம்பிளைச் சராசரியாக்கி ஒன்றாகத் தரும், அதாவது விநாடிக்கு 25. கோடின் மறுமுனையில் 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 72 நாடி 288 ஆகத் தெரியும். நாடி சரியாக நான்கு மடங்கா? வேறு எங்கேயும் தேடாதீங்க.

தரவு ரெஜிஸ்டர் 7-இல், ஒரு சாம்பிளுக்கு 6 பைட்: முதல் மூன்று சிவப்பு, அடுத்த மூன்று அகச்சிவப்பு. மேலே உள்ள 6 பிட்டை மறைக்க மறக்காதீங்க. உள்ளே 32 சாம்பிள்தான் தங்கும். 100 வேகத்தில் 0.32 விநாடிக்குள் எடுக்கலைன்னா இழப்பு. திரைக்கு எழுதும் வேலை நீண்டுபோனால் இங்கேதான் அலையில் ஓட்டை விழும்.

சில நகல் போர்டுகளில் சிவப்பும் அகச்சிவப்பும் இடம் மாறியிருக்கும். ரெஜிஸ்டர் 12-ஐ 0 ஆக்குங்க. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு அணையணும், முதல் மூன்று பைட் விழணும். அகச்சிவப்பு அணைந்தால் போர்டு மாறிக் கட்டியது. கோடில் மாற்றிப் படிச்சுக்கோங்க.

வானதி_பயோமெட்:
கம்பிச்சுருள் சொன்ன கடைசி விஷயத்துக்கு எண்ணாலும் சோதனை உண்டு. சாதாரண விரலில் வரக்கூடிய அளவுகள்: அகச்சிவப்பு நிலைப்பகுதி (துடிக்காமல் நிலையாக நிற்கும் ஒளி) 1,60,000, துடிப்பு 2,400. சிவப்பு நிலைப்பகுதி 1,40,000, துடிப்பு 1,092. ஒன்று 1.5 சதவீதம், மற்றது 0.78 சதவீதம். ஆர் = 0.78 ÷ 1.5 = 0.52. 110 − 13 = 97. சிவப்பு, அகச்சிவப்புத் தடங்கள் மாறியிருந்தால் ஆர் 1.92 ஆகி, 62 என்று காட்டும். நன்றாக இருக்கும் ஆள் 62-இல் அசையாமல் நின்றால் மாறிய தடம்தான்.

இனி 85. ஆர் = 1 என்று போட்டுப் பாருங்கள்: 110 − 25 = 85.

விரல் அசையும்போது ஒளி கடக்கும் பாதையே நீண்டு சுருங்குகிறது. அந்த மாற்றம் இரண்டு அலைநீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் விழும். மேலே சதவீதம், கீழே அதே சதவீதம். ஆர் ஒன்றை நோக்கி நகரும். உங்கள் சென்சார் போலியும் இல்லை, சூத்திரம் பிழையும் இல்லை. "இங்கே துடிப்பது தமனி இல்லை" என்பதை அந்தக் கருவி சொல்லத் தெரிந்த ஒரே முறை 85. அவோயாகியின் எடுகோள் உடையும் இடமும் அதுவே. மருத்துவமனைத் திரையில்கூட அலைவடிவம் இல்லாத 85-ஐ யாரும் நம்பக் கூடாது.

ஆகவே உச்சம், பள்ளம் தேடி ஆர் கணக்கிடும் முறையை விடுங்கள். ஒரே ஒரு கூர்முனை போதும், அந்த நான்கு விநாடியும் பாழ். நடைமுறையில் நிற்பது இது:

400 சாம்பிள் (4 விநாடி) எடுங்கள். சராசரியை நிலைப்பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டுச் சரிவைக் கழியுங்கள். 0.5 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை விடும் ஃபில்டரை இரண்டு தடத்துக்கும் ஒரே கெழுக்களோடு போடுங்கள். ஒன்றுக்கு ஒரு ஃபில்டர், மற்றதற்கு வேறு என்றால் கட்டம் பிசகி ஆர் நகரும். ஃபில்டர் தொடங்கிய முதல் 2, 3 விநாடியைக் கொட்டிவிடுங்கள். பிறகு அகச்சிவப்பை கிடை அச்சிலும் சிவப்பை நிலை அச்சிலும் வைத்துப் பொருத்தும் கோட்டின் சரிவை எடுத்து, நிலைப்பகுதிகளின் விகிதத்தால் சீராக்கினால் ஆர். இரண்டு தடங்களின் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு; முழுமையாகச் சேர்ந்தால் 1) 0.9-க்குக் கீழே போனால் எண்ணைக் காட்டவே வேண்டாம். எண்ணின் இடத்தில் "--" மட்டும் காட்டுங்கள். காட்டாமல் இருப்பதும் ஒரு வாசிப்புதான்.

ஒளி அளவு: நிலைப்பகுதி 1 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் இடையே நிற்கும்படி விளக்கு மின்னோட்டத்தைத் தடத்துக்குத் தடம் மாற்றுங்கள். 2,62,143 தொட்டால் நிரம்பிவிட்டது, துடிப்பு வெட்டுப்படும். குளிர்ந்த விரலில் துடிப்பு 0.1 சதவீதத்துக்கு இறங்கும். அப்போது 1,50,000-இல் துடிப்பு வெறும் 150 எண்ணிக்கை, சிவப்பில் அதிலும் பாதி. விரலைத் தேய்த்துச் சூடாக்குவது எந்தக் கணக்குமுறையையும்விடப் பலன் தரும்.

அழுத்தமும் அப்படித்தான். விரலால் சென்சாரை அழுத்திப் பிடித்தால் ரத்தம் வெளியேறித் துடிப்பு செத்துவிடும். இளக்கமான எலாஸ்டிக் பட்டை, மேலே கறுப்புத் துணி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 100 சாம்பிள் வேகத்தில் அது மெதுவான அலையாக மாறு வேடத்தில் வந்து சேரும். சிப்பின் உள்ளேயே சூழலொளி நீக்கம் இருக்கிறது. இருந்தாலும் துணி மலிவு.

அலை660:
தெளிவு. இன்னொன்று. 110 − 25 × ஆர் எங்கிருந்தோ வந்த தோராயம் மாதிரி இருக்கிறது. ஹீமோகுளோபினின் உறிஞ்சுதிறன் அட்டவணை பொதுவில் கிடைக்கிறதே. அதை வைத்து நேரடியாகக் கணக்கிட்டால் இன்னும் துல்லியமாக வராதா? அதோடு இந்த சிப்பின் அகச்சிவப்பு வழக்கமான 940 நானோமீட்டர் இல்லை, 880. அது கெடுக்காதா?

நிறமாலை:
கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏன் வராது என்று.

மோலார் உறிஞ்சுதிறன், முழு எண்ணாக்கி: 660-இல் ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 320, ஏறாதது 3,227. 940-இல் 1,214, 693. சிவப்பில் பத்து மடங்கு வித்தியாசம். அகச்சிவப்பில் வரிசை தலைகீழ். 805 அருகே இரண்டும் சமம்.

100 சதவீதத்தில் ஆர் = 320 ÷ 1,214 = 0.26. ஆர் = 1 ஆவது எங்கே என்று தீர்த்தால் 74 சதவீதம். நிஜ விரலிலோ ஆர் = 1 என்பது 85 பக்கம்; 100-க்கு அருகே ஆர் 0.4, 0.5 என்றுதான் வரும். பதினொரு புள்ளி இடைவெளி சின்னப் பிழையா?

காரணம், அந்த அட்டவணை தெளிவான கரைசலுக்கு. விரலுக்குள் ஒளி நேர்கோட்டில் போவதில்லை, சிதறிச் சிதறிப் போகிறது. சிவப்பு கடக்கும் பாதையும் அகச்சிவப்பு கடக்கும் பாதையும் ஒரே நீளம் இல்லை. அட்டவணைக் கணக்கு இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே உலகில் விற்கும் ஒவ்வொரு ஆக்ஸிமீட்டரும் மனிதர்களை வைத்து அளந்த வளைகோட்டைத்தான் வைத்திருக்கிறது. தன்னார்வலர்களுக்கு ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்து 70 வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்துக் கோ-ஆக்ஸிமீட்டரில் (ரத்த மாதிரியைப் பல அலைநீளங்களில் அளக்கும் ஆய்வகக் கருவி) போட்டு ஒப்பிடுவார்கள். அதற்குக் கீழே மனிதர்களை இறக்க முடியாது. 70-க்குக் கீழே எந்தக் கருவி காட்டுவதும் கோட்டை நீட்டிப் போட்ட ஊகம்.

880 பற்றிக் கவலை வேண்டாம். அங்கே ஆக்ஸிஜன் ஏறியதன் மதிப்பு 1,154. ஆர் சுமார் 5 சதவீதம் கூடும், மேல்மட்டத்தில் அரைப் புள்ளி. உங்களுக்கு அதைவிடப் பெரிய பிழை, இந்த சிப் ஒளியை ஊடுருவவிட்டு அளக்கவில்லை, திரும்பி வரும் ஒளியை அளக்கிறது என்பது. கிளிப் வகைக்கு வந்த சூத்திரத்தை இதில் போடுவதே கடன் வாங்கிய சட்டை.

ஈயப்பற்று:
அகச்சிவப்பை விடுங்க, சிவப்பு விளக்கின் அலைநீளம் நகர்வதுதான் வில்லன். டேட்டாஷீட்டே 650 முதல் 670 வரை அனுமதிக்கிறது. ஆக்ஸிஜன் ஏறாதது 650-இல் 3,750, 670-இல் 2,795. அந்தச் சரிவில் நிற்கிறோம். நிறமாலை காட்டிய அதே முறையில் போட்டால், 650 விளக்கில் ஆர் சுமார் 15 சதவீதம் கூடுகிறது. 97-இல் அது 2 புள்ளி பிழை. 70-இல் ஆர் 1.6 என்பதால் 6 புள்ளி. மேலே சரியாகக் காட்டும் கருவி கீழே சரியாகக் காட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவமனை புரோப்களில் (விரலில் மாட்டும் கேபிள் முனை) இதற்காகவே கனெக்டருக்குள் ஒரு மின்தடை வைப்பார்கள். அந்தப் புரோப்பின் விளக்கு எந்த அலைநீளம் என்பதை அதன் மதிப்பு மானிட்டருக்குச் சொல்லும். அறுந்த கேபிளை வெட்டி வேறு புரோப்பின் தலையை ஒட்டுபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், கருவி தப்பான வளைகோட்டை நம்பிக்கையோடு பயன்படுத்தும்.

வானதி_பயோமெட்:
கணக்கு சரியாக இருந்தும் வாசிப்பு பொய்யாகும் இடங்களையும் பதிந்துவிடுகிறேன்.

கார்பன் மோனாக்சைடு: அது ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பில் ஆக்ஸிஜன் ஏறியது போலவே தெரியும். புகையில் சிக்கியவருக்கு 98 காட்டும். இரண்டு அலைநீளத்தால் இரண்டு வகையை மட்டுமே பிரிக்க முடியும்; மூன்றாவது வந்தால் கருவிக்கு அதைப் பார்க்கக் கண் கிடையாது. ரத்தம் எடுத்துக் கோ-ஆக்ஸிமீட்டரில்தான் பார்க்க வேண்டும்.

மெத்ஹீமோகுளோபின் (ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்): இரண்டு அலைநீளத்திலும் ஏறக்குறையச் சமமாக உறிஞ்சும். எங்கே போகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். 85 பக்கம் வந்து நிற்கும், ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நகராது. இந்த 85-க்கு அலைவடிவம் நன்றாக இருக்கும்; அசைவால் வரும் 85-க்கு இருக்காது. பிரித்தறிய அதுவே வழி.

மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றினால் வாசிப்பு சட்டென விழும். அவோயாகியின் இண்டோசயனின் பச்சையும் கொஞ்ச நேரம் கெடுக்கும். அடர் நீலம், கறுப்பு நகப்பூச்சு இருந்தால் புரோப்பைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டலாம்.

சிரைத் துடிப்பு: புரோப் இறுக்கமாக இருந்தால், கை தொங்கினால், சிரை ரத்தமும் துடிக்கும். வாசிப்பு இறங்கும்.

தோல் நிறம்: துடிப்பை நிலைப்பகுதியால் வகுப்பதால் மெலனின் ரத்தாகிவிடும் என்பது பாடம். நடைமுறை அப்படி இல்லை. 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் மிச்சிகன் குழு வெளியிட்டது: ஆக்ஸிமீட்டர் 92–96 காட்டியபோது ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். விளக்கின் ஒளி ஒற்றை அலைநீளம் இல்லை, ஒரு பட்டை. மெலனின் அதன் குறைந்த அலைநீளப் பக்கத்தைக் கூடுதலாகத் தின்று சராசரியை நகர்த்துகிறது என்பது ஒரு விளக்கம். மாநிறம், கருநிறத் தோல் கொண்ட நாம் இதை அயலூர்ச் செய்தியாகப் படிக்க முடியாது. ஒற்றை எண்ணைவிட, அதே விரலில் அதே கருவியில் எண் இறங்குகிறதா என்று பாருங்கள்.

அலை660:
மணிக்கட்டில் கட்டலாமா?

கம்பிச்சுருள்:
கட்டலாம், துடிப்பு விரலைவிட ரொம்பச் சின்னது, எலும்பும் தசைநாரும் அசையும், சிரைகள் மேலாக ஓடும். நாடி எடுக்கலாம். ஆக்ஸிஜன் எண் வேணும்னா விரல், இல்லைன்னா நெற்றி. நெற்றியில் பட்டையை லேசா இழுத்துக் கட்டணும், இல்லைன்னா வானதி சொன்ன சிரைத் துடிப்பு வந்துடும்.

அலை660:
கடைசியாக: சந்தையில் விரல் வடிவ சிமுலேட்டர் விற்கிறார்கள். அதில் 90 வைத்து நம் கருவி 90 காட்டினால் துல்லியம் நிரூபணம் ஆகுமா?

வானதி_பயோமெட்:
ஆகாது. சிமுலேட்டர் உருவாக்குவது ஆக்ஸிஜன் அல்ல, ஒரு ஆர் மதிப்பு. "இந்த நிறுவனத்தின் வளைகோட்டில் 90-க்கு ஆர் இவ்வளவு" என்று நீங்கள் அதில் தேர்ந்தெடுக்கிறீர்கள். உங்கள் கருவி அந்த ஆரைச் சரியாக எடுத்ததா என்பது மட்டும் தெரியும். அந்த ஆர் ஒரு மனித விரலில் 90-ஆ என்பது தெரியாது. ஐ.எஸ்.ஓ. 80601-2-61 தரம் கேட்பது 70 முதல் 100 வரை சராசரி வர்க்க மூலப் பிழை 4 சதவீதத்துக்குள். அதை நிரூபிக்கத் தமனி ரத்த ஒப்பீடுதான் ஒரே வழி. சிமுலேட்டரை வேறு வேலைக்கு வாங்குங்கள்: துடிப்பை 0.2 சதவீதத்துக்கு இறக்கி, எந்த அளவில் உங்கள் ஒட்டுறவுச் சோதனை எண்ணை மறைக்கிறது என்று பாருங்கள். மறைக்க வேண்டிய இடத்தில் 85 காட்டினால் புரோகிராம் கோடுக்குத் திரும்புங்கள்.